இன்மையும் இடமும்: நிரல் நூலகத் தேடுபாதையும் தமிழாய்வும்

முன்னுரை

மணிமேகலையின் 'சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை' அளவைகளைத் தொகுத்துரைக்கும்போது அபாவத்தையும் அவற்றுள் ஒன்றாக எண்ணுகின்றது. அபாவமாவது இன்மை. ஒரு பொருள் குறித்த ஓரிடத்தில் இல்லை எனத் துணிவதே அவ்வளவையின் இயல்பு. நிலத்தின்மேல் குடம் இல்லை என்று ஒருவர் கூறும்போது, குடம் என்பதே உலகில் இல்லை என்பது அக்கூற்றின் பொருளன்று. அவர் பார்த்த நிலத்தின்மேல் அது காணப்படவில்லை என்பதே பொருள். இடத்தை விடுத்து இன்மையை மட்டும் எடுத்துக்கொள்பவர் அவ்வளவையைப் பிறழக் கொண்டவராவார்.

அளவை நூலாரின் இந்நுட்பம் இன்று எதிர்பாராத ஓரிடத்தில் தமிழாய்வாளருக்குத் தேவைப்படுகின்றது. சொல்லடைவு, தொடரடைவு, யாப்பாய்வு போன்றவற்றிற்காகக் கணினியில் நிரல்மொழி ஒன்றை நிறுவிக்கொள்ளும் ஆய்வாளர் முதலில் எதிர்கொள்வது பெரும்பாலும் 'இல்லை' என்னும் விடையே. சற்று முன்னர் நிறுவிய நூலகத்தையே கணினி இல்லை என்கின்றது. அவ்விடையைக் கண்டு அதையே மீண்டும் மீண்டும் நிறுவுவோர் உளர். கணினிவழி ஆய்வு தமக்கு ஒவ்வாதது என விலகிவிடுவோரும் உளர். கணினி கூறும் இன்மை அது தேடிய இடங்களைப் பற்றியது மட்டுமே என்பதையும், அவ்விடங்களை அறியாமல் அது தரும் எண்ணிக்கையை ஆய்வேட்டில் ஏற்றுதல் தகாது என்பதையும் ஓர் ஆய்வாளரின் பட்டறிவைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுப் பொருள்

தமிழகத்திற்கு வெளியே உள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் தமிழ்த்துறையில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த அவ்வாய்வாளர் எடுத்துக்கொண்ட பொருள், சங்க அகவல் அடிகளின் எழுத்தளவு. பிற்கால யாப்பு நூல்கள் சீரின் எண்ணிக்கையால் அடியை வகுத்தன. தொல்காப்பியச் செய்யுளியலோ நாற்சீர் அடியை எழுத்தின் எண்ணிக்கையால் ஐந்தாகப் பகுக்கின்றது. 4 முதல் 6 எழுத்து வரை அமைவது குறளடி. 7 முதல் 9 வரை சிந்தடி. 10 முதல் 14 வரை நேரடி. 15 முதல் 17 வரை நெடிலடி. 18 முதல் 20 வரை கழிநெடிலடி. இவ்வாறு எண்ணும்போது உயிர் இல்லாத மெய்கள் கணக்கில் சேர்வதில்லை. இப்பகுப்பு சங்கப் பாடல்களின் அடிகளோடு எவ்வளவு பொருந்துகின்றது என்பதே அவர்தம் வினா. ஆயிரக்கணக்கான அடிகளை விரல்விட்டு எண்ணுவது ஒருவர்க்கு இயலாத செயல். எனவே, 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் மின்பாடங்களைக் கொண்டு கணினிவழி எண்ணத் துணிந்தார்.

கணினி எழுத்தை எண்ணுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தமிழிலக்கணம் எழுத்து என்பதும் ஒருங்குறி தனிக்குறி என்பதும் ஒன்றல்ல. 'தமிழ்' என்னும் சொல்லில் உள்ள எழுத்துகள் 3. செய்யுளியல் முறைப்படி எண்ணின் 2. ஒருங்குறியில் அச்சொல் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என 5 குறிகளால் ஆனது. கோப்பில் யூடிஎஃப்-8 முறையில் அது 15 பைட்டு இடத்தைக் கொள்ளும். 'தொல்காப்பியம்' என்னும் சொல்லுக்கு இவ்வெண்ணிக்கைகள் முறையே 7, 4, 13, 39 ஆகும். ஒகரக்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம்; எகரக்குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம்; பிரித்து எழுதின் 13 என்பது 14 ஆகிவிடும். பைத்தான் என்னும் நிரல்மொழியின் மூன்றாம் தலைமுறைப் பதிப்புகளிடம் ஒரு சொல்லின் நீளத்தைக் கேட்டால் அது தருவது ஒருங்குறிக் குறிகளின் எண்ணிக்கையையே. எழுத்துகளைத் தமிழ் மரபுப்படி பிரித்துத் தருவதற்கு 'ஓப்பன்-தமிழ்' போன்ற கட்டற்ற நிரல் நூலகம் ஒன்று வேண்டும். ஆகவே அவ்வாய்வின் முடிவு முழுவதும் அந்நூலகம் உரிய முறையில் கிடைப்பதைச் சார்ந்திருந்தது.

தேடுபாதை என்பது

தமிழாய்வில் அடைவு என்றால் சொற்களை அகரநிரலாக்கி அவை வருமிடங்களைச் சுட்டும் பட்டியல். கணினித்தமிழில் அடைவு என்றால் கோப்புகள் வைக்கப்படும் இடம். தேடுபாதை என்பது இவ்விரண்டாம் பொருளிலான அடைவுகளின் வரிசை. ஒரு பெயரைக் கொடுத்தால் கணினி அவ்வரிசையின் முதல் அடைவில் பார்க்கும். இல்லையேல் அடுத்ததற்குச் செல்லும். பெயர் பொருந்திய முதற்கோப்பை எடுத்துக்கொண்டு அத்துடன் நின்றுவிடும். வரிசை முழுவதும் பார்த்தும் கிடைக்கவில்லையெனில் 'இல்லை' என்னும்.

நூலக உதவியாளர் ஒருவரிடம் நூற்பெயரோடு அடுக்குகளின் வரிசையொன்றையும் எழுதிக் கொடுத்ததாகக் கொள்வோம். அவர் பட்டியலில் உள்ள அடுக்குகளை மட்டுமே பார்ப்பார். அடுத்த அறையில் அந்நூல் பத்துப் படிகள் இருப்பினும் அவர் விடை 'இல்லை' என்பதே. முதல் அடுக்கிலேயே அப்பெயருடைய வேறொரு நூல் இருந்தால் அதை எடுத்துவந்து கொடுத்துவிடுவார். பதிப்பாசிரியர் யார், எவ்வாண்டுப் பதிப்பு என்று பாரார். முதலில் கூறியது இன்மைப் பிழை. பின்னர்க் கூறியது மயக்கப் பிழை. ஆய்வுக்குப் பெருந்தீங்கு விளைப்பது பின்னதே.

நிரல்மொழி ஒன்றை நிறுவியபின் இத்தகைய தேடல் மூன்று நிலைகளில் நிகழ்கின்றது. பயனர் தட்டச்சிடும் கட்டளைக்குரிய செயலியைக் கட்டளைமுகம் தேடுவது முதல்நிலை. அச்செயலி இயங்குவதற்கு வேண்டிய பொது நூலகக் கோப்புகளை இயங்குதளத்தின் ஏற்றி தேடுவது இரண்டாம் நிலை. ஓடத் தொடங்கிய நிரல்மொழி, நிரல் வேண்டும் நூலகங்களைத் தேடுவது மூன்றாம் நிலை. மூன்றுக்கும் பட்டியல்கள் வேறு. அவற்றைத் திருத்தும் முறைகளும் வேறு. ஒன்றில் நேர்ந்த குறையை மற்றொன்றில் தேடுவதாலேயே பலரும் நாட்கணக்கில் அல்லலுறுகின்றனர்.

முதல் இன்மை: கோப்பு உண்டு, குறிப்பு இல்லை

2023ஆம் ஆண்டில் அத்துறையின் பொதுக்கணினியில் இருந்தது உபுண்டு 20.04 இயங்குதளம். அதனுடன் பைத்தான் 3.8 இயல்பாகவே அமைந்திருந்தது. ஆய்வாளருக்காகக் கணினியியல் பயின்ற நண்பர் ஒருவர் எழுதிக்கொடுத்த நிரலோ 3.11ஆம் பதிப்பை வேண்டியது. இயங்குதளத்தின் பணிகள் பல அதற்குரிய பைத்தானைச் சார்ந்திருப்பதால் அதை நீக்குவது முறையன்று. ஆகவே கணினி மையத்தின் பணியாளர் மூலநிரலைப் பெற்றுத் தொகுத்து, 3.11ஐ உள்ளூர் நிறுவல்களுக்கு உரிய 'யூஎஸ்ஆர்-லோக்கல்' என்னும் தனி அடைவில் நிறுவினார். பழையது தன்னிடத்தில் இருக்க, புதியது 'பைத்தான்3.11' என்னும் தன் முழுப்பெயரால் அழைக்கப்படுமாறு அமைத்தார். இதுகாறும் அவர் செய்தவை யாவும் சரியே.

ஆயினும் புதிய செயலியை அழைத்தவுடன், பொது நூலகக் கோப்பைத் திறக்க இயலவில்லை, அத்தகைய கோப்போ அடைவோ இல்லை என்ற செய்தி வந்தது. கட்டளைமுகம் செயலியைக் கண்டுவிட்டது; ஏற்றிதான் அதற்குரிய நூலகத்தைக் காணவில்லை. பைத்தானைத் தொகுக்கும்போது அதன் உள்ளுறுப்புகளைத் தனிப் பொது நூலகமாக அமைக்கும் விருப்பத்தேர்வைக் கொண்டால், செயலி தனியாகவும் நூலகம் தனியாகவும் இரு கோப்புகளாக அமையும். நூலகக் கோப்பு 'யூஎஸ்ஆர்-லோக்கல்-லிப்' என்னும் அடைவில் இருந்தது. பணியாளர் அதைக் கண்ணாற் கண்டார். கணினி அதையே இல்லை என்றது.

காரணம் இதுதான். ஏற்றி ஒவ்வொரு முறையும் எல்லா அடைவுகளையும் துருவிப் பார்ப்பதில்லை. நூலகங்கள் இருக்குமிடங்களை முன்னரே தொகுத்து வைத்த ஒரு குறிப்புக்கோப்பைப் பார்க்கின்றது. புதிய நூலகம் நிறுவப்பட்டபின் அக்குறிப்பு புதுப்பிக்கப்படவில்லை. நூல் அடுக்கில் ஏறிவிட்டது, நூற்பட்டியலில் ஏறவில்லை. 'எல்டிகான்ஃபிக்' என்னும் கட்டளையை மேலாளர் உரிமையுடன் ஒருமுறை இயக்கியதும் குறிப்பு புதுப்பிக்கப்பட்டுச் செயலி இயங்கியது. சில இயங்குதளங்களில் அவ்வடைவின் பெயரே குறிப்பெடுக்கும் பட்டியலில் இராது. அங்கே முதலில் பெயரைச் சேர்த்துப் பின்னர்க் குறிப்பைப் புதுப்பித்தல் வேண்டும்.

இவ்விடத்தில் வேறொரு வழியும் பலராலும் கூறப்படுவதுண்டு. 'எல்டி லைப்ரரி பாத்' என்னும் சூழல் மாறியில் அடைவின் பெயரை எழுதிவிட்டால் ஏற்றி அதையும் பார்க்கும். இது சோதித்தறிவதற்கு ஏற்றது. நிலையான தீர்வாகக் கொள்ளத்தக்கதன்று. அச்சூழலில் இயங்கும் ஏனைய செயலிகளும் அவ்வடைவையே முற்படப் பார்க்கத் தொடங்கும். ஒன்றற்கு மருந்தானது மற்றொன்றற்கு நோயாகக்கூடும்.

இரண்டாம் இன்மை: நிறுவியது ஒன்று, தேடியது மற்றொன்று

அடுத்து, ஓப்பன்-தமிழ் நூலகத்தைப் பணியாளர் 'பிப்' என்னும் நிறுவியின் வழியே நிறுவினார். வெற்றியுடன் நிறுவப்பட்டது எனச் செய்தி வந்தது. உடனே புதிய பைத்தானில் அதை அழைத்துப் பார்த்தார். அப்பெயரில் கூறு எதுவும் இல்லை என்றது அது. ஒரே கணினி ஒரே நிமிடத்தில் 'உண்டு' என்றும் 'இல்லை' என்றும் கூறியது. இரண்டு கூற்றும் உண்மையே என்பதுதான் இதிலுள்ள விந்தை.

அவர் அழைத்த பிப் இயங்குதளத்தோடு வந்த பழைய பைத்தானுக்கு உரியது. அது தன் தலைவனுக்குரிய அடைவில் நூலகத்தை வைத்தது. உபுண்டு சார்ந்துள்ள டெபியன் மரபில் அவ்வடைவு 'டிஸ்ட்-பேக்கேஜஸ்' எனப் பெயர்பெறும். மூலநிரலிலிருந்து நிறுவிய பைத்தான் பார்ப்பதோ 'சைட்-பேக்கேஜஸ்' என்னும் அடைவை, அதுவும் 3.11 என்னும் தன் பதிப்பெண் உடையதை. இரண்டு பைத்தான்களின் நூலகங்கள் ஒன்றோடொன்று கலவாதிருக்கவே இவ்வேற்பாடு. நிறுவியைத் தனியே அழைக்காமல், எந்தப் பைத்தானில் நூலகம் வேண்டுமோ அந்தப் பைத்தானைப் பெயர்சொல்லி அழைத்து, அதன் வாயிலாகவே பிப்பை இயக்கினால் இம்மயக்கம் எழாது. அவ்வாறே செய்தபின் நூலகம் கிடைத்தது. பணியாளர் தம் கணக்கில் சோதித்துப் பார்த்து, எல்லாம் சரியாக உள்ளன என்று கூறிச் சென்றார். அவர் கூறியதும் உண்மையே. ஆனால் அவர் கணக்கைப் பொறுத்தவரையில் உண்மை.

நிறுவும் பெயரும் அழைக்கும் பெயரும் வேறுபடுவதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. இந்நூலகத்தை நிறுவும்போது வழங்கும் பெயர் 'ஓப்பன்-தமிழ்'. நிரலில் அழைக்கும் பெயர் 'தமிழ்' என்பது மட்டும். இச்சிறு வேறுபாடே அடுத்து நேர்ந்ததற்கு வாயிலாயிற்று.

மூன்றாவது: சொல்லப்படாத இன்மை

ஆய்வாளர் துறையின் பொதுக்கணக்கில் நுழைந்து நிரலை இயக்கினார். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. அடிகளும் அவற்றின் எழுத்தெண்ணிக்கையும் நீண்ட அட்டவணையாக வந்தன. அடிகளுட் பல 20 எழுத்தைக் கடந்திருந்தன. அதாவது தொல்காப்பியம் வகுத்த கழிநெடிலடியின் மேலெல்லையையும் கடந்தன. எழுத்தெண்ணிக்கையால் அடி வகுக்கும் முறை சங்க அகவலுக்குப் பொருந்தவில்லை என்பது அவ்வட்டவணை காட்டிய முடிவு. ஆய்வேட்டின் மூன்றாம் இயலை அம்முடிவின்மேல் எழுதத் தொடங்கிவிட்டார். உரையாசிரியர்கள் காட்டும் விளக்கங்களை மறுக்கும் பகுதி ஒன்றும் அதில் இடம்பெற்றிருந்தது.

வரைவைப் படித்த நெறியாளர் அட்டவணையின் ஓரடியில் விரலை வைத்தார். அதற்கெதிரே 26 என்று இருந்தது.

"நாற்சீர் அகவலடியில் 26 எழுத்து எப்படி வரும்? இதை ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பாரம்மா" என்றார்.

ஆய்வாளர் மெய்களை நீக்கி எண்ணினார். "13தான் வருகிறது, ஐயா."

"அப்படியானால் தொல்காப்பியரைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் கணினியைக் கேட்க வேண்டும்."

13 எழுத்து 26 ஆனது எவ்வாறு என்பதை அவர்கள் அவ்வடியைக் கொண்டே கண்டனர். அதில் அகர உயிர்மெய்யாகவோ தனி உயிராகவோ நின்றவை 5. ஒவ்வொன்றும் ஒருங்குறியில் ஒரு குறி. பிற உயிர்மெய்கள் 8; மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று என 16 குறிகள். மெய்கள் 5, நிரல் புள்ளியை மட்டும் நீக்கிவிட்டு மெய்க்குரிய குறிகளை எண்ணியிருந்தது. 5, 16, 5 ஆகியவற்றின் கூட்டல் 26. கணினி எழுத்துகளை எண்ணவில்லை, குறிகளை எண்ணியுள்ளது என்பது தெளிவாயிற்று. நூலகம் பயன்படவே இல்லை. பின்னர் ஏன் பிழைச்செய்தி வரவில்லை?

விடை இரண்டு இடங்களில் இருந்தது. துறையின் பொதுக்கணக்கில் பல்லாண்டுகளுக்கு முன்னர் ஆய்வு செய்த மாணவர் ஒருவர் தம் நிரல்களைத் தனி அடைவில் வைத்து, 'பைத்தான்பாத்' என்னும் சூழல் மாறியில் அவ்வடைவின் பெயரை எழுதி, கணக்கில் நுழையும்போதெல்லாம் அது தானே அமையுமாறு தொடக்கக் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்திருந்தார். அவ்வடைவில் இருந்த ஒரு சிறு நிரலின் பெயர் 'தமிழ்'. தமிழ்த்துறையில் எழுதப்படும் நிரலுக்கு அதனினும் இயல்பான பெயர் வேறு எதுவாக இருத்தல் கூடும்? பைத்தான் தன் தேடுபாதையில் முதலில் பார்ப்பது ஓடும் நிரல் உள்ள அடைவை. அடுத்துப் பைத்தான்பாத் சுட்டும் அடைவுகளை. பின்னர்த் தன் அடிப்படை நூலகத்தை. அதன் பின்னரே பிப் வழியே நிறுவியவை இருக்கும் சைட்-பேக்கேஜஸ் அடைவை. எனவே 'தமிழ்' என்று அழைத்தபோது பழைய மாணவரின் கோப்பு முற்பட்டு வந்து நின்றது. உண்மையான நூலகம் வரிசையின் இறுதியில் கேட்பாரின்றி இருந்தது. பைத்தான்பாத் அக்கணினியின் எல்லாப் பைத்தான் பதிப்புகளையும் ஒருசேரக் கட்டுப்படுத்துவது. புதிய பதிப்பை நிறுவியதால் அதன் ஆட்சி நீங்கவில்லை.

முன்வந்து நின்ற கோப்பில் எழுத்தைப் பிரிக்கும் உறுப்பு இல்லை. ஆதலால் பைத்தான் உள்ளபடி ஒரு பிழையை எழுப்பத்தான் செய்தது. ஆனால் நிரலை எழுதிய நண்பர், நூலகம் இல்லாத கணினியிலும் நிரல் நின்றுவிடலாகாது என்னும் நல்லெண்ணத்தால், நூலகம் கிடைக்காவிடின் இயல்பான நீள அளவையைக் கொள்க என்று ஒரு மாற்றுவழியை அமைத்திருந்தார். பிழைச்செய்தி அம்மாற்றுவழிக்குள் விழுங்கப்பட்டது. முதலிரு நிலைகளிலும் கணினி 'இல்லை' என்று வாய்விட்டுச் சொன்னது. நாழிகைகள் வீணாயின, ஆய்வு கெடவில்லை. மூன்றாம் நிலையில் 'இல்லை' என்பது சொல்லப்படாமல் ஒளிந்துகொண்டது. ஓர் இயல் முழுவதும் பொய்யின்மேல் எழும்பியது. பழைய மாணவரும் நண்பரும் தத்தம் நோக்கில் பிழை செய்தவர்கள் அல்லர். பெயர் ஒன்றாகவும் இடம் அறியப்படாமலும் இருந்தமையே பிழை.

தீர்வு மிகச் சிறியதாக அமைந்தது. அழைக்கப்பட்ட 'தமிழ்' எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று பைத்தானையே கேட்டனர். அது பழைய மாணவரின் அடைவைச் சுட்டியது. சூழல் மாறிகளைப் புறக்கணிக்கும் விருப்பத்தேர்வுடன் நிரலை மீண்டும் இயக்கியபோது 26 என்றிருந்த இடத்தில் 13 வந்தது. அதன் பின்னரே தொடக்கக் கோப்பிலிருந்த வரி நீக்கப்பட்டது. பழைய மாணவரின் அடைவு அழிக்கப்படவில்லை. அது அவருடைய ஆய்வின் சான்று. நண்பரின் நிரலிலிருந்து மாற்றுவழி நீக்கப்பட்டு, நூலகம் இல்லையெனில் நிரல் நின்றுவிடுமாறு திருத்தப்பட்டது. நெறியாளர் சுட்டிய பக்கத்தின் அடிகள் நூல் வகுத்த எல்லைக்குள் வந்தன. மூன்றாம் இயல் முதலிலிருந்து எழுதப்பட்டது.

ஒரு பெயர், பல பொருள்

இச்சிக்கல் தமிழாய்வுக்குப் புதியதன்று. ஔவையார் என்னும் பெயர் சங்கப் பாடல்களிலும் காணப்படுகின்றது. பிற்கால நீதிநூல்களிலும் காணப்படுகின்றது. பெயர் ஒன்றாதல் கொண்டு புலவர் ஒருவரே எனக் கொண்டால் இலக்கிய வரலாறு தடுமாறும். எக்காலத்து ஔவையார், எத்தொகையில் உள்ளவர் எனப் பிரித்தறிவது இலக்கிய வரலாற்றாசிரியரின் கடமையாகியது. கணினியோ காலம் பாராது, தொகை பாராது. வரிசையில் முன் நிற்பவரை அழைத்துவரும். பிரித்தறியும் கடமை ஆய்வாளருடையதாகவே எஞ்சுகின்றது.

பதிப்பு நெறியும் இதையே கற்பிக்கின்றது. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், தாம் ஒப்புநோக்கிய ஏட்டுச்சுவடிகள் எவரிடமிருந்து, எவ்வூரிலிருந்து கிடைத்தன என்பதைத் தம் பதிப்புகளில் குறித்துவைக்கும் மரபை உடையவர். பாடம் எது என்பதோடு அது எங்கிருந்து வந்தது என்பதும் பதிப்பின் உறுப்பு. 'பதிப்பு' என்னும் சொல்லையே இன்று நிரல்மொழிக்கும் நூலகத்திற்கும் வழங்குகின்றோம். சொல்லை எடுத்துக்கொண்டவர்கள் அச்சொல்லோடு வந்த ஒழுக்கத்தையும் எடுத்துக்கொள்ளுதல் முறை. சங்கப்பாடலின் ஓரடிக்குப் பதிப்பும் பக்கமும் காட்டும் ஆய்வேடு, அவ்வடியை எண்ணிய நூலகத்தின் பதிப்பைக் காட்டாமல் விடுவது பொருந்துமாறில்லை.

ஆராயும் முறை

இப்பட்டறிவிலிருந்து பெறப்படும் ஆராய்ச்சி முறையைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம். கணினி 'இல்லை' எனும்போது முதலில் அறியவேண்டுவது, அதைக் கூறுவது யார் என்பது. கட்டளை கிடைக்கவில்லை என்பது கட்டளைமுகத்தின் கூற்று. பொது நூலகத்தைத் திறக்க இயலவில்லை என்பது ஏற்றியின் கூற்று. கூறு கிடைக்கவில்லை என்பது பைத்தானின் கூற்று. அடுத்து, அது பார்த்த பட்டியலைப் பெறுதல் வேண்டும். கட்டளைமுகத்திற்குரியது 'பாத்' என்னும் சூழல் மாறி, பைத்தானுக்குரியது 'சிஸ்.பாத்'. ஒரு செயலி வேண்டும் பொது நூலகங்கள் எங்கிருந்து கிடைக்கின்றன என்பதை 'எல்டிடி' என்னும் கட்டளை வரிசையாகக் காட்டும். மூன்றாவதாக, தேடிய பொருள் உண்மையில் எந்த அடைவில் உள்ளது என்று கண்டு அதைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். இவ்வொப்பீட்டிலேயே பெரும்பாலான சிக்கல்கள் அவிழ்ந்துவிடும். மீண்டும் நிறுவுதல் இறுதியில் செய்யத்தக்கது. முதலிலேயே அதைச் செய்தால், ஒன்றாக இருந்த படி இரண்டாகி மயக்கம் மிகும்.

கணினி 'உண்டு' எனும்போதும் இவ்வாராய்ச்சி வேண்டும். கிடைத்த நூலகம் எக்கோப்பிலிருந்து வந்தது, அதன் பதிப்பெண் யாது என்பவற்றை நிரலே அட்டவணையின் தலைப்பில் அச்சிடுமாறு அமைத்துவிட்டால், பின்னாளில் ஐயம் எழும்போது சான்று கையில் இருக்கும். விடை தெரிந்த சில சொற்களை முதலில் எண்ணச் செய்து சரிபார்த்தலும் நன்று. 'தமிழ்' என்பதற்கு 3, 'தொல்காப்பியம்' என்பதற்கு 7 என்று வந்தாலன்றி நிரல் மேற்செல்லலாகாது.

நிரல்மொழியை வளர்ப்போரும் இவ்விடர்ப்பாடுகளை உணர்ந்தே உள்ளனர். ஒவ்வோர் ஆய்வுக்கும் தனித்தனி நூலக அடைவு அமைத்துக்கொள்ளும் மெய்நிகர் சூழல் வசதி 2012இல் வெளிவந்த பைத்தான் 3.3 முதல் உடன்வருகின்றது. ஓடும் நிரல் உள்ள அடைவைத் தேடுபாதையின் முன்னே சேர்க்காமல் தடுக்கும் விருப்பத்தேர்வு 2022இல் வெளிவந்த 3.11இல் சேர்க்கப்பட்டது. 2023இல் வெளிவந்த டெபியன் 12 முதலான இயங்குதளங்கள், தமக்குரிய பைத்தானில் பிப் வழியே நேராக நிறுவுவதை இயல்புநிலையில் மறுத்து, மெய்நிகர் சூழலை அமைத்துக்கொள்ளுமாறு பயனரை நெறிப்படுத்துகின்றன. இரண்டாவதாகக் கூறிய இன்மைக்கு இது தக்க காப்பு. ஆயின் மெய்நிகர் சூழலும் பைத்தான்பாத் என்னும் மாறியை விலக்குவதில்லை. பழைய மாணவரின் வரி அங்கும் முற்பட்டே நிற்கும். காப்புகள் மிகினும், இடமறிந்து கொள்ளும் கடமை நீங்குவதில்லை.

முடிவுரை

கணினி கூறும் 'இல்லை' என்பது இடஞ்சுட்டிய இன்மை. அவ்விடத்தைக் கேட்டறிந்த அளவில் அது அச்சுறுத்தும் தன்மையை இழந்து, வழிகாட்டும் செய்தியாகிவிடுகின்றது. கணினி கூறும் 'உண்டு' என்பதும் இடஞ்சுட்டிய உண்மையே. அதன் இடத்தைக் கேளாமல் ஏற்பதே ஆய்வுக்கு இடர் தருவது.

தமிழ்த்துறைகளின் பொதுக்கணினிகளில் முன்னைய ஆய்வாளர்கள் விட்டுச்சென்ற அடைவுகளும் அமைப்புகளும் பல இருக்கும். அவை யாருடையவை, எதற்காக அமைந்தவை என்பதை ஓர் ஏட்டில் குறித்துவைப்பது துறைகள் மேற்கொள்ளத்தக்க எளிய பணி. ஆய்வேட்டின் ஆய்வுமுறைப் பகுதியில், பயன்படுத்திய நிரல்மொழியின் பதிப்பு, நூலகத்தின் பெயர், பதிப்பெண், எழுத்தை எண்ணிய முறை ஆகியவற்றைக் குறிக்குமாறு நெறியாளர்கள் வற்புறுத்துவதும் நன்று. அட்டவணையில் ஆயிரம் அடிகள் இருப்பினும் ஓரடியையேனும் விரல்விட்டு எண்ணிப் பார்க்கும் வழக்கம் கணினிக் காலத்திலும் கைவிடத்தக்கதன்று.